முனையத்தில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் எண்களாக வருகின்றன

மைக்கறை எழுதியது:

வணக்கம். கோண்டாவிலில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். எங்களிடம் வரும் வேலையில் பெரும்பங்கு நினைவு மலர்கள்: 31ஆம் நாள் மலர், அந்தியேட்டி அழைப்பு, ஆண்டுத் திவச அட்டை. மற்றது கோயில் திருவிழா நோட்டீஸ். பழைய வேலைகள் எல்லாம் ஒரு விண்டோஸ் கணினியில் கிடந்தன. அதன் வன்தட்டு முனகத் தொடங்கியதும், "இதற்கு ஒரு வழி பாரும்" என்று முதலாளி என் தலையில் கட்டிவிட்டார். வேறொரு கணினியில் டெபியன் லினக்ஸ் நிறுவி, வரைகலைத் திரை எதுவும் போடாமல், கோப்புச் சேர்வராக வைத்திருக்கிறேன்.

என் மடிகணினியிலும் லினக்ஸ்தான், உபுண்டு. அதிலிருந்து, தொலைவிலிருந்தே உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகச் சேர்வருக்குள் போய், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைக் கொடுத்தால், நினைவு என்று தொடங்கும் பெயர் இப்படி வருகிறது: 340 256 250 340 256 277 340 256 251 340 257 210 340 256 265 340 257 201. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு வேறு. அதோடு, ஏதாவது மென்பொருளை நிறுவும்போது, லொகேலை (மொழி, எழுத்து அமைப்பை) அமைக்க முடியவில்லை, 'சி'க்குத் திரும்புகிறேன் என்று பேர்ல் என்ற நிரல்மொழி எச்சரிக்கிறது.

முதலாளியின் விண்டோஸ் கணினியிலிருந்து பட்டி என்ற நிரல் வழியாக அதே சேர்வருக்குப் போனால் எண்கள் இல்லை. அங்கே வேறு விதக் குப்பை: தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர், தலைகீழ்க் கேள்விக்குறி, திரும்பவும் அந்த ஏ.

என் பயம் ஒன்றுதான். நகல் எடுக்கும்போதே பெயர்கள் பழுதாகிவிட்டனவா? பழைய கணினி இன்னும் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்று சொல்ல முடியாது.


சுன்னாகத்தான் எழுதியது:

சேர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் எல்லாப் பெயர்களையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒரு தலையிடியும் இல்லை.


கங்குமட்டை எழுதியது:

சுன்னாகத்தார் கோபிக்கக் கூடாது. திரையே இல்லாத கணினியில் எழுத்துருவை நிறுவி யார் பார்ப்பது? எழுத்தை வரைவது உமது முன்னால் இருக்கும் மடிகணினி. சேர்வர் பைட்டுகளை அனுப்புவதோடு சரி. எழுத்துருக் குறைபாடு என்றால் வெற்றுப் பெட்டிகள் வரும். எண்கள் வராது.

தம்பி மைக்கறை, முதலில் பயத்தை விடும். பெயர்கள் பத்திரமாக இருக்கின்றன. நீர் ஒட்டிய எண்களே சாட்சி. அவை எட்டின் அடிமானத்தில் எழுதிய பைட்டுகள். யுனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதலாவது எப்போதும் 340. இரண்டாவது 256 அல்லது 257. மூன்றாவதில்தான் எந்த எழுத்து என்பது இருக்கிறது. உம்முடைய வரிசையை மூன்று மூன்றாகப் பிரித்தால் 250 ந, 277 இகரக் குறி, 251 ன. பிறகு 257க்கு மாறி 210 ஐகாரக் குறி. திரும்ப 256இல் 265 வ. கடைசியாக 257இல் 201 உகரக் குறி. நினைவு. ஒரு பைட் கூடப் பிசகவில்லை. (340க்குப் பின் 266, 267 என்று வந்தால் அது சிங்களம். அரச அலுவலகக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு உதவும்.)

முதலாளியின் திரையில் வந்ததும் இதே பைட்டுகள்தான், வேறு வேடத்தில். 340 என்ற பைட் மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணையில் சாய்கோட்டு ஏ. 256 வட்டத்துக்குள் ஆர். 277 தலைகீழ்க் கேள்விக்குறி. ஆகவே அவருடைய திரையில் தலைகீழ்க் கேள்விக்குறி நிற்கும் இடமெல்லாம் இகரக் குறி. நின்று பார்த்தால் அதையும் வாசிக்கலாம், ஆனால் அதற்கு உமக்குச் சம்பளம் தர மாட்டார்.

ஒரே சேர்வருக்கு இரண்டு விதக் குப்பை ஏன் என்பதுதான் சுவையான பகுதி. உமது உபுண்டுவைத் தமிழில், இலங்கை அமைப்பில் வைத்திருக்கிறீர் என்று ஊகிக்கிறேன். உபுண்டுவிலும் டெபியனிலும் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் ஒரு வரி உண்டு: மொழி அமைப்பைச் சொல்லும் லாங், எல்சி என்று தொடங்கும் மாறிகளைத் தொடர்போடு சேர்த்து அனுப்பு என்று. மறுபக்கத்தில், வந்தால் ஏற்றுக்கொள் என்று அதற்கு ஏற்ற வரி. எனவே நீர் உள்ளே போகும்போதே "என் மொழி இலங்கைத் தமிழ்" என்று உமது மடிகணினி அறிவித்துவிடுகிறது. சேர்வரில் அந்த லொகேல் உருவாக்கப்படவில்லை. இல்லாத ஒன்றைக் கேட்டால் அது யூடிஎஃப்-8 உள்ள ஆங்கிலத்துக்குக் கூடப் போகாது, நேரே 'சி' என்ற அடிமட்ட நிலைக்கு விழுந்துவிடும். அந்த நிலையில் 127க்கு மேற்பட்ட எந்த பைட்டும் அச்சிடத் தகாதது. எல்எஸ் அதைத் திரையில் கொட்டாமல் எண்ணாக எழுதிக் காட்டுகிறது. பேர்ல் எச்சரிக்கையும் இதே முறைப்பாடுதான்.

பட்டி அப்படி எதையும் அறிவிப்பதில்லை. ஆகவே முதலாளிக்குக் கிடைப்பது சேர்வரின் சொந்த இயல்புநிலை. நீர் நிறுவும்போது ஆங்கிலத்தைத் தேர்ந்திருப்பீர், அது யூடிஎஃப்-8தான். எல்எஸ் பைட்டுகளை ஒழுங்காக அனுப்புகிறது. வாங்கும் பட்டிதான் அவற்றை ஐரோப்பிய அட்டவணையில் வைத்து வாசிக்கிறது. தமிழில் அமைத்த கணினிக்குச் சேர்வரில் கோளாறு, ஆங்கிலத்தில் கிடந்த கணினிக்குத் தன்னிடமே கோளாறு. இது தெரியாமல் இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால் ஒன்று தீரும்போது மற்றது கெடும்.

மருந்துக்கு வருகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், நீர் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டும். உமது மடிகணினியிலிருந்து சேர்வருக்குள் போய் 'லொகேல் சார்மேப்' என்று கேளும். ஆன்சி எக்ஸ்3.4-1968 என்று பதில் வரும். அது, ஆங்கில எழுத்தை மட்டும் அறிந்த பழைய ஆஸ்கி அட்டவணையின் முழுப்பெயர். அந்த ஆண்டைக் கண்டால் நோய் இதுதான் என்று உறுதி. பிறகு நிர்வாகி உரிமையோடு 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லொகேல்ஸ்' கொடும். நீளமான பட்டியல் வரும். அதில் இலங்கைத் தமிழுக்கான டிஏ, அடிக்கோடு, எல்கே என்று இருக்கும் வரியை இடைவெளி விசையால் தேர்ந்தெடும். இயல்புநிலை எது என்று கேட்கும்போது மட்டும் 'சி.யூடிஎஃப்-8' என்று வையும். வெளியே வந்து மறுபடி உள்ளே போனால் சார்மேப் யூடிஎஃப்-8 என்று சொல்லும்.

இயல்புநிலைக்குத் தமிழைச் சொல்லாமல் சி.யூடிஎஃப்-8ஐ ஏன் சொன்னேன் என்று நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். தமிழ் எழுத்தைக் காட்டுவதற்குத் தமிழ் லொகேல் வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். வேண்டாம். யூடிஎஃப்-8 உள்ள எந்த லொகேலும் போதும். தமிழ் லொகேல் கூடுதலாகத் தருவது தேதி அமைப்பு, நாணயக் குறி, வரிசைப்படுத்தல், மொழிபெயர்த்த செய்திகள். சேர்வரில் நள்ளிரவில் பிழைச்செய்தி தமிழில் வந்தால் அதை இணையத்தில் தேடி ஒரு பயனும் இல்லை. மடிகணினி தமிழில் இருக்கட்டும், என்னுடையதும் அப்படித்தான். ஒன்றைக் கவனியும்: சி.யூடிஎஃப்-8இல் வரிசை குறியெண் படி நடக்கும், அதில் ள, ழ இரண்டும் வவுக்கு முன்னால் நிற்கும். பெயர்ப்பட்டியலை அந்த வரிசையில் அச்சுக்குக் கொடுத்துவிடாதேயும்.

இன்னொன்று. எல்சி_ஆல் என்ற மாறியை எக்ஸ்போர்ட் செய்து தொடக்கக் கோப்பில் போட்டுவிடு என்று யாராவது இங்கே வந்து சொல்வார்கள். அது மற்ற எல்சி மாறிகளையும் லாங்கையும் மிதித்துக்கொண்டு நிற்கும். ஒரு கட்டளையை ஒரு தடவை சோதிக்க நல்லது. நிரந்தரமாக வைத்தால், நாளைக்கு வேறெங்கோ அமைப்பை மாற்றிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையை உடைப்பீர்.

முதலாளியின் பட்டியில் விண்டோ என்ற தலைப்பின் கீழ் டிரான்ஸ்லேஷன் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே தொலைவிலிருக்கும் கணினியின் எழுத்துத்தொகுதி எது என்ற கேள்விக்கு யூடிஎஃப்-8ஐத் தேர்ந்து, திரும்ப முதற்பக்கத்துக்கு வந்து அந்தத் தொடர்பைச் சேமியும். சேமிக்காமல் மூடினால் நாளைக் காலை மறுபடி உம்மைக் கூப்பிடுவார். பட்டியின் புதிய பதிப்பை நிறுவினாலும் சேமித்த பழைய தொடர்புகள் தம் பழைய அமைப்பையே வைத்துக்கொண்டிருக்கும், அதையும் நினைவில் வையும்.

சுன்னாகத்தார் சொன்னபடி பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்றத் தேவையே இல்லை. லினக்ஸ் கருவுக்கு (கேர்னலுக்கு) கோப்புப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. அதற்குள் வரக்கூடாதவை இரண்டு: சாய்கோடு, மதிப்பு சுழியமான பைட். 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் யூடிஎஃப்-8ஐ வகுத்தபோது, ஆஸ்கியில் உள்ள எந்த பைட்டும் வேறோர் எழுத்தின் நடுத்துண்டாக வராதபடி பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் தமிழைப் பற்றி எதுவும் அறியாத கருவும் உமது நினைவு மலர்களைப் பழுதில்லாமல் சுமக்கிறது.


மைக்கறை எழுதியது:

அண்ணை, மெத்தப் பெரிய உதவி. சார்மேப் நீங்கள் சொன்ன அந்த 1968ஐத்தான் காட்டியது. டிஏ_எல்கேயை உருவாக்கியதும் பெயர்கள் தமிழில் வந்துவிட்டன. முதலாளியின் பட்டியும் சரி. மடிகணினியைப் பற்றி நீங்கள் ஊகித்தது அப்படியே உண்மை.

ஆனால் வேறு மூன்று சோலிகள் தலைகாட்டுகின்றன. எல்எஸ் கொடுத்தால் பெயர்களின் நிரல்கள் (செங்குத்து வரிசைகள்) நேராக நிற்பதில்லை, ஒரு வரி முன்னால், ஒரு வரி பின்னால். எக்ஸ்டேர்ம் என்ற முனையத்தில் கோயில் என்பதன் இரட்டைக்கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன. இரண்டாவது, பழைய கணினியின் தட்டைக் கழற்றி மடிகணினியில் பொருத்தி, மிச்சக் கோப்புகளை, நகலெடுக்கும் நிரலான ஆர்சிங்க் வழியாக அனுப்பியபோது சில மட்டும் போகவில்லை: பெயர் மிக நீளம், 36 என்கிறது. விண்டோஸில் அதே பெயர் ஒழுங்காக இருந்ததே? மூன்றாவது, சில உரைக் கோப்புகளைத் திறந்தால் தமிழும் இல்லை, எண்ணும் இல்லை, வெறும் ஆங்கில எழுத்துகள். ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி என்று அடிக்கடி வருகிறது.


கங்குமட்டை எழுதியது:

மூன்றாவதை ஏட்டுச்சுவடி பார்த்துக்கொள்வார், அது அவருடைய வயல். முதல் இரண்டையும் நான் சொல்கிறேன்.

முனையம் என்பது கட்டம் போட்ட தாள். ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை கட்டம் என்று ஓர் அட்டவணை இருக்கிறது, வரையும் எழுத்துருவை அது கேட்பதே இல்லை. அந்த அட்டவணையில் தமிழுக்கு நடந்திருக்கும் கூத்தைப் பாரும். யுனிகோடில் இகரக் குறி இடம் பிடிக்கும் குறி என்ற வகையில் இருக்கிறது. ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் பிடிக்காத குறிகள் என்ற வகையில் இருக்கின்றன. ஆகவே வழக்கமான கணக்கில் மி இரண்டு கட்டம், மீ ஒரு கட்டம். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அகலம். தமிழ் என்ற சொல்லுக்கு நான்கு கட்டம் ஒதுக்குவார்கள். எழுத்துருவோ தன் இஷ்டத்துக்கு வரையும், ஏனென்றால் ஒரே அகலத்தில் ணவையும் ரவையும் அடைத்த தமிழ் எழுத்துரு கண்ணுக்கு உறுத்தும். நிரல் நேராக நிற்காததற்கு இதுதான் காரணம், உமது அமைப்பில் பிழை இல்லை. எல்எஸ் கட்டளையோடு ஹைஃபனும் அதை ஒட்டி 1 என்ற எண்ணும் சேர்த்தால் வரிக்கு ஒரு பெயராக வரும், நிரல் என்ற கதையே இருக்காது. பட்டியலை நேராகப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஒரு கோப்பில் கொட்டி லிப்ரே ஆபிஸில் திறவும்.

கொம்பு இடம் மாறுவது வேறு விடயம். கோ என்பது நினைவகத்தில் க, பின்னால் ஓகாரக் குறி. திரையில் அந்தக் குறியின் ஒரு பாதி கவுக்கு முன்னால் போகவேண்டும். அதைச் செய்ய எழுத்து வடிவமைக்கும் இயந்திரம் தேவை, எக்ஸ்டேர்மிடம் அது கிடையாது. கேடிஈயின் கொன்சோல் இதில் பரவாயில்லை. தமிழை அதிகம் பார்க்கிறவர் என்றால் எம்எல்டேர்மையும் முயன்று பாரும், இந்திய எழுத்துகளைக் கருத்தில் வைத்துச் செய்தது. சேர்வரில் நேரடியாகத் திரை ஒன்றைப் பொருத்தி அந்தக் கறுப்புத் திரையில் தமிழைத் தேடாதேயும். லினக்ஸின் அந்த உரைத்திரை வழக்கமாக 256, மிஞ்சினால் 512 வடிவங்களைத்தான் வைத்திருக்கும், வடிவமைப்பும் கிடையாது. அங்கே என்ன அமைத்தாலும் சரிவராது.

இனி 36. விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறி வரை விடும், அங்கே தமிழ்க் குறி ஒன்றுக்கு ஒன்று. லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4, 255 பைட் வரைதான் விடும், தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று. ஆகத் தூய தமிழில் 85 குறி. எழுத்தல்ல, குறி. கொ என்பது இரண்டு, க் என்பதும் இரண்டு. ஸ்ரீ என்பது ஸ, புள்ளி, ர, ஈகாரம் என்று நான்கு, அதாவது 12 பைட். நினைவு மலர் என்ற இரண்டு சொல்லும் நடுவில் ஒரு வெளியுமாக 31 பைட் போய்விடும். உங்கள் அச்சகத்தில் பெயர் வைப்பவர் இறந்தவரின் முழுப்பெயர், ஊர், முன்னாள் உத்தியோகம், அட்டை, இரண்டாம் திருத்தம், இறுதி, உண்மையான இறுதி என்று கோப்புப் பெயரிலேயே ஒரு வாழ்க்கை வரலாறு எழுதியிருப்பார். அச்சகங்கள் எல்லாம் அப்படித்தான். பெயரையும் திகதியையும் கோப்புறைக்கு வைத்து, கோப்புக்கு அட்டை, உள்பக்கம் என்று சுருக்கும். 255 என்பது ஒவ்வொரு கோப்புறைப் பெயருக்கும் கோப்புப் பெயருக்கும் தனித்தனி, ஆகவே கோப்புறையில் பிரித்தால் தாராளமாக இடம் இருக்கிறது.


ஏட்டுச்சுவடி எழுதியது:

ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி: அது தமிழ் என்ற சொல், பாமினியில். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தால் அம்மா. யாழ்ப்பாணத்தில் யுனிகோடுக்கு முன் தட்டச்சு செய்தது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பாமினி ஓர் எழுத்துரு, குறியேற்றம் அன்று. கோப்புக்குள் இருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்து, அதன் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். அதனால்தான் 'ஃபைல்' கட்டளை அதை ஆஸ்கி என்றோ ஐஎஸ்ஓ-8859 என்றோ சொல்லும், லொகேலை எப்படி மாற்றினாலும் ஒன்றும் நடக்காது.

குறியேற்றம் மாற்றும் ஐகான்வ் கட்டளை உதவுமா என்று கேட்பீர்கள். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தை அது அறியும், எங்கள் தொகுப்பில் சில டிஸ்கிக் கோப்புகளை அப்படித்தான் மாற்றினேன். பாமினியை அது அறியாது. எழுத்துக்கு எழுத்து மாற்றும் நிரல் வேண்டும், பைதனில் ஒரு சின்ன அட்டவணை போதும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பாமினியில் கண்ணால் பார்க்கும் வரிசையில்தான் தட்டுவார்கள்: கொ என்பது கொம்பு, க, கால். அப்படியே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு முந்திய எழுத்தோடு போய் ஒட்டும். கொம்பை மெய்க்குப் பின்னால் நகர்த்தி, காலோடு சேர்த்து ஒரே குறியாக்க வேண்டும். கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாக விட்டுவிட்டால் திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் சாதாரணத் தேடலில் அகப்படாது. என்எஃப்சி என்ற ஒழுங்காக்கத்தைக் கடைசியில் ஓட்டினால் அது தீரும்.

மற்ற இடம் இன்னும் மோசமானது. பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரில் ஆங்கில முகவரியும் மின்னஞ்சலும் வேறு எழுத்துருவில் இருந்திருக்கும். உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்தபோது எது எந்த எழுத்துரு என்ற தகவல் போய்விட்டது. நிரல் எல்லாவற்றையும் பாமினி என்று எடுத்துக்கொள்ளும், ரொறன்ரோவில் இருக்கும் மகளின் முகவரி தமிழ்க் கஞ்சியாகும். ஆங்கிலக் காற்புள்ளிகூட இ ஆகிவிடும், ஏனென்றால் பாமினியில் அந்த விசைதான் இ. எண்கள் தப்பும்.


மைக்கறை எழுதியது:

அக்கா, முகவரிகளைப் பிரிக்க வழி உண்டா? எங்கள் மலர்களில் கடைசிப் பக்கம் முழுக்க வெளிநாட்டு முகவரிதான்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

மூலப் பேஜ்மேக்கர் கோப்பு இருந்தால், உரையாக ஏற்றுமதி செய்யாமல் எழுத்துருத் தகவல் தங்கும் ஆர்டிஎஃப் வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். அதில் பாமினி என்று குறித்த பகுதியை மட்டும் மாற்றும்படி நிரலைச் சொல்லலாம். உரைக் கோப்பு மட்டும்தான் மிஞ்சியது என்றால் கையால் பிரிப்பதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை. அட் குறி உள்ள வரிகளை முதலில் ஒதுக்கினால் மின்னஞ்சல்களாவது தப்பும்.

மாற்றிய கோப்பை வேறு கோப்புறையில் எழுதுங்கள், பாமினி மூலத்தின் மேல் எழுதிவிடாதீர்கள். பேஜ்மேக்கர் இயங்கும் அந்தப் பழைய கணினியை, ஏற்றுமதி முடியும்வரை யாரும் எடைக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


கங்குமட்டை எழுதியது:

தட்டைக் கழற்றியாகிவிட்டது என்கிறாரே. திரும்பப் பொருத்துவதற்கு முன் முழுத்தட்டையும், பழுதாகும் தட்டை நகலெடுக்கும் டிடிரெஸ்கியூ நிரலால் ஒரு படிமமாக எடுத்து வையும், தம்பி. முனகும் தட்டில் கோப்பு கோப்பாகத் துழாவக் கூடாது. ஏற்றுமதியைப் படிமத்திலிருந்து எழுதிய வேறொரு தட்டில் வைத்துச் செய்யலாம்.